கொழும்பு வெயிலுக்கு எந்த ரோஜா?

முதல் தடவை ரோஜா வாசனை பூசிக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தபோது அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை, நேரே சாமியறையைத்தான் எட்டிப் பார்த்தார். "பன்னீர்ப் போத்தல் கொட்டுப்பட்டுப் போச்சோ?" என்றார். பின்னேரம் வந்த அக்கா கொஞ்சம் விரிவாகச் சொன்னார்: "என்னடா, கலியாண வீட்டு வாசலில தட்டோட நிக்கிற மாதிரிக் கிடக்கு." அடுத்த நாள் ஒஃபீஸில் பக்கத்து மேசைக்காரர் மூக்கை இரண்டு தரம் உறிஞ்சிவிட்டு, இன்றைக்கு யார் ஃபலூடா கொண்டுவந்தது என்று விசாரித்தார். அந்தப் போத்தலுக்கு எவ்வளவு கொடுத்தேன் என்பதை இந்த மூன்று பேரிடமும் இன்றுவரை நான் சொல்லவில்லை.

இது நடந்து இரண்டு வருஷம் இருக்கும். அதற்குப் பிறகு பன்னீரிலிருந்து அத்தர் வரைக்கும், லண்டன் மாமி பெட்டியில் கொண்டுவந்ததிலிருந்து நானே ஏமாந்து வாங்கியது வரைக்கும், ரோஜா என்று எழுதியிருந்த எதையும் விடாமல் போட்டுப் பார்த்துவிட்டேன். ரோஜா மணம் பிடிக்கும், கொழும்பில் வேலைக்குப் போய் வருகிறேன், எதை வாங்கலாம் என்று யோசிக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆண்கள் ரோஜா போடலாமா என்ற கேள்விக்கு நான் அதிக நேரம் செலவழிக்கப் போவதில்லை. வளைகுடா நாடுகளிலும் வட இந்தியாவிலும் ஆண்கள் காலங்காலமாகப் போடுகிறார்கள், நானும் போடுகிறேன், மீசை இன்னும் இருக்கிறது.

சிறந்த ரோஜா வாசனைகள் என்று இங்கிலீஷில் வரும் பட்டியல்களை நம்பியதுதான் நான் விட்ட முதல் பிழை. அவற்றை எழுதுகிறவர்கள் கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு குளிரில் நடக்கிறவர்கள். நான் காலை ஏழரைக்கு வெள்ளவத்தையில் 100 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, யாரோ ஒருவர் கம்பியைப் பிடித்துத் தூக்கிய கைக்குக் கீழே தலையைக் கொடுத்தபடி கொள்ளுப்பிட்டி வரை போய், அங்கிருந்து கொம்பனித்தெருவுக்கு நடந்து, அப்புறம் எட்டு மணித்தியாலம் ஏசிக்குள் விறைக்கிறவன். கொழும்பில் வருஷம் முழுக்கப் பகல் வெப்பம் 30, 31 பாகையில்தான் நிற்கிறது, காற்றில் ஈரம் குறைகிற மாதமே கிடையாது. சூடு ஏற ஏற வாசனை எண்ணெய்கள் வேகமாக ஆவியாகும், அதனால் குளிர் நாட்டில் ஒரு பின்னேரம் முழுக்க மெல்ல மெல்ல வருவது இங்கே முதல் அரை மணியில் மொத்தமாகக் கிளம்பிப் பக்கத்தில் நிற்கிறவரின் மூக்கில் ஏறும். ஏசிக்குள் போனதும் அப்படியே அடங்கிவிடும், அடடா போய்விட்டதே என்று நாம் இன்னும் இரண்டு தரம் அடிப்போம், ஐந்து மணிக்கு வெளியில் இறங்கியதும் காலையில் போட்டதில் கனமாக மிஞ்சியதும் பிறகு அடித்ததும் சேர்ந்து எழும்பும். கடையில் காகிதக் கீற்றில் முகர்ந்து பார்த்து இதில் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

வெயிலாவது பரவாயில்லை, ஞாபகம்தான் பெரிய தொல்லை. எங்கள் வீடுகளில் ரோஜா மணம் என்றால் பன்னீர், அவ்வளவுதான். கலியாண வாசலில் பன்னீர்ச் செம்பால் தெளிப்பார்கள், கோயிலில் அபிஷேகத்துக்கு ஊற்றுவார்கள், செத்த வீட்டிலும் தெளிப்பார்கள். முஸ்லிம் நண்பர்கள் வீட்டில் சர்பத்தில் வரும், ஃபலூடாவில் கசகசாவோடு வரும். நத்தார் காலத்தில் லவ் கேக்கில் ரவையோடும் கஜுவோடும் சேர்ந்து வரும். ஆக, தின்கிறதிலும் குடிக்கிறதிலும் சாமிக்கு ஊற்றுகிறதிலும் பழகிய மணத்தைக் கழுத்தில் பூசிக்கொண்டு போனால் மற்றவர்கள் உங்களை மணப்பதில்லை, ஏதோ ஒரு சடங்கை மணக்கிறார்கள்.

இன்னொரு விஷயம், இந்த மணத்தை அசல் பூவில் முகர்ந்து பார்த்த கொழும்புக்காரர்கள் குறைவு. பூக்கடையில் நீளத் தண்டோடு நிற்கும் ரோஜா, நுவரெலியாவிலிருந்து வந்தாலும் சரி வேறு எங்கிருந்து வந்தாலும் சரி, ஜாடியில் நாள்பட நிற்பதற்காக வளர்த்தெடுத்த இனம், மூக்கை வைத்தால் பெரும்பாலும் பச்சை இலை வாசம்தான் வரும். வாசனைக்காக வளர்க்கிற ரோஜா வேறு. பல்கேரியாவில் கசான்லக் பள்ளத்தாக்கு, துருக்கியில் இஸ்பார்த்தா, சவூதியில் தாயிஃப், உத்தரப் பிரதேசத்தில் கன்னோஜ் என்று பேர்போன ஊர்களில் எல்லாம் டமாஸ்க் ரோஜாதான் கதை, பிரான்ஸின் கிராஸ் பக்கம் மட்டும் மே மாதம் பூக்கும் சென்டிஃபோலியா என்ற இனம். ஒரு கிலோ ரோஜா எண்ணெய் எடுக்க மூவாயிரம் நாலாயிரம் கிலோ பூ வேண்டும், அதையும் விடியற்காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் பறிக்க வேண்டும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால், 500 ரூபாய்க்கு அசல் ரோஜா எண்ணெய் என்று யாராவது நீட்டும்போது சிரிப்பு வரும்.

இதில் கொஞ்சம் வேதியியல் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அம்மா ஏன் சாமியறையைப் பார்த்தார் என்று எனக்கு விளங்கியது. ரோஜாப் பூவின் மணத்தில் பெரிய பங்கு ஃபீனைல் எதைல் அல்கஹோல் என்ற பொருளுக்கு. இது தண்ணீரில் ஓரளவு கரையும். பூவைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சி வடிக்கும்போது இந்தப் பொருள் பெரும்பாலும் தண்ணீரோடு போய்விடும், மேலே மிதக்கும் எண்ணெயில் சிட்ரோனெலோல், ஜெரானியோல் என்று வேறு ஆட்கள் மிஞ்சுவார்கள். அதனால் பன்னீரும் ரோஜா எண்ணெயும் ஒரே பூவிலிருந்து வந்தும் ஒரே மணமாக இருப்பதில்லை. எண்ணெயில் எலுமிச்சைச் சாயலும் தேனும் லேசான காரமும் இருக்கும், அதிலும் டமாஸ்கெனோன் என்று ஒரு பொருள் மிக மிகச் சிறிய அளவில் இருந்துகொண்டே பழப் பாகு மாதிரி ஒரு ஆழத்தைக் கொடுக்கும், 1970இல்தான் பல்கேரிய ரோஜா எண்ணெயில் அதைக் கண்டுபிடித்தார்கள். மலிவான ரோஜா சென்ட்டுகளில் முன்னால் நிற்பது ஃபீனைல் எதைல் அல்கஹோல்தான், ஏனென்றால் அதை ஆலையில் செய்வது மலிவு.

என் கணக்கு இதுதான்: எந்தப் போத்தலில் அது தனியாக முன்னால் நிற்கிறதோ அதை அம்மா பன்னீர் என்பார். பச்சை இலையோ, மிளகோ, எலுமிச்சையோ, சந்தனமோ ஏதாவது ஒன்று அதன் கையைப் பிடித்து வேறு பக்கம் இழுத்தால் தப்பலாம். கீழே சொல்லப்போகிற எல்லாவற்றையும் நான் இந்த ஒரு அளவுகோலால்தான் பார்த்தேன்.

பன்னீரிலேயே தொடங்குவோம். பார்மசியில் முகத்துக்குப் பூச விற்கிற ரோஸ் வோட்டரும் கோயில் சாமான் கடையில் விற்கிற பன்னீரும் ஒன்றல்ல, பின்னதில் பல போத்தல்கள் வாசனை கலந்த தண்ணீர்தான், அதை முகத்தில் போடாதீர்கள். காய்ச்சி வடித்தது என்று லேபலில் இருக்கிறதைப் பார்த்து வாங்கினால், சென்ட் என்ற கணக்கில் அது பத்து நிமிஷம் கூட நிற்காது, ஆனால் அந்தப் பத்து நிமிஷம் வேறு எதிலும் கிடைக்காது. சித்திரை மாதத்து வெயிலில் பஸ்ஸால் இறங்கி, ஒஃபீஸ் கழிவறையில் ஒரு கைக்குட்டையில் இதை நனைத்துப் பிடரியைத் துடைத்துப் பாருங்கள். நான் மேசை லாச்சியில் ஒரு சின்னப் போத்தல் எப்போதும் வைத்திருக்கிறேன். வாசனை நிற்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இது பதிலே இல்லை, வியர்வைக்கும் வெயிலுக்கும் பதில் தேடுகிறவர்களுக்கு இதைவிட மலிவான பதில் இல்லை.

அத்தர் கதை நீளம், அதைச் சொல்லத்தான் எனக்கு விருப்பமும்.

புறக்கோட்டையில் இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட பள்ளிவாசல், சம்மாங்கோட்டார் பள்ளி, 1909இல் கட்டி முடித்தது, வெளிநாட்டுக்காரர் எல்லாம் நின்று படம் பிடிக்கிற இடம். அந்தப் பக்கம் தெருக்களில் அலைந்தால் தொப்பி, தஸ்பீஹ் மணி, ஊதுபத்தி விற்கும் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் அத்தர்க் குப்பிகள் அடுக்கியிருக்கும். நான் போன கடையின் நானா முதலில் என்னை ஒரு தரம் பார்த்தார், நெற்றியில் திருநீறு இருந்தது, வெள்ளிக்கிழமை வேறு. "தம்பிக்கா, வீட்டுல ஆருக்காச்சுமா?" என்றார். எனக்குத்தான் என்றேன். மனுஷன் முகம் மலர்ந்துவிட்டது. ரோஜாவிலேயே நாலு குப்பியை எடுத்துப் புறங்கையில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தொட்டுவிட்டு, "இப்ப மணக்கப் படாது, போய் ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வந்து மணந்து பாருங்க" என்று அனுப்பினார். வாசனை வாங்குவது பற்றி எனக்குக் கிடைத்த அறிவுரையில் இதுதான் சிறந்தது, அதுவும் இலவசமாக.

அந்த நாலில் மூன்று அரை மணியில் பன்னீராகிவிட்டன. நாலாவது கன்னோஜ் முறையில் சந்தனத்தில் இறக்கியது என்று சொன்னார். கன்னோஜ் என்பது ஹர்ஷரின் தலைநகராக இருந்த பழைய ஊர், அங்கே இன்றும் செப்புக் கொப்பரையில் பூவையும் தண்ணீரையும் போட்டு மூடி, களிமண்ணால் அடைத்து, விறகு எரித்து, மூங்கில் குழாய் வழியாக ஆவியை இன்னொரு செப்புக் குடத்துக்குள் இறக்குவார்கள், அந்தக் குடத்துக்குள் முதலிலேயே சந்தன எண்ணெய் காத்திருக்கும். ரோஜா அதற்குள் இறங்கி ஊறும். முழுக்க ரோஜா எண்ணெயாக எடுப்பதை ரூ குலாப் என்பார்கள், அதன் விலைக்கு நம்மால் கிட்டப் போக முடியாது. சந்தனத்தில் இறக்கியதே எனக்குப் போதும், ஏனென்றால் இந்த வெயிலுக்குச் சந்தனம்தான் காவல்: ரோஜாவை ஒரேயடியாகப் பறக்க விடாமல் பிடித்து வைக்கிறது, இனிப்பைக் குறைத்துப் பால் மாதிரி ஒரு மென்மையைக் கொடுக்கிறது, அதோடு சந்தனமும் ரோஜாவும் சேர்ந்தால் அம்மாவின் மூக்கே குழம்பிவிடுகிறது. "என்ன பூசினனீ, நல்லா இருக்கு" என்று அவர் முதல்முறை சொன்னது இதற்குத்தான்.

ஆனால் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சந்தன எண்ணெய் விலை ஏறிப் போனதால் நிறைய இடங்களில் இப்போது சந்தனத்துக்குப் பதில் பாரஃபின் திரவமோ டிஓபி என்ற இரசாயன எண்ணெயோதான் அடியில் இருக்கும், வாசனையும் செயற்கையாகவே இருக்கும். அது விஷம் என்று நான் சொல்லவரவில்லை, சந்தன விலை கொடுத்து அதை வாங்க வேண்டாம் என்கிறேன். இதைக் கண்டுபிடிக்க ஃப்ரிட்ஜில் வைத்துப் பார், உறைந்தால் அசல் என்று ஒரு சோதனை சொல்வார்கள். அது சுத்தமான ரோஜா எண்ணெய்க்குத்தான் பொருந்தும், அதில் இயற்கையாகவே மெழுகு இருப்பதால் 20 பாகைக்குக் கிட்ட வந்ததும் கட்டியாகத் தொடங்கும். அத்தரில் முக்கால்வாசி வேறு எண்ணெய், அது உறையவில்லை என்பதற்காகப் போலி என்று சொல்ல முடியாது. நான் இது தெரியாமல் ஒரு குப்பியை முட்டைத் தட்டில் மூன்று நாள் வைத்து, நானாவிடம் சண்டைக்குப் போகிற அளவுக்கு யோசித்தேன். நல்ல காலம் போகவில்லை. உங்களால் செய்யக்கூடிய சோதனை ஒன்றுதான், நேரம்: காலையில் தொட்டது பின்னேரம் தோலில் மரம்போல, பால்போல இருந்தால் அடியில் ஏதோ இருக்கிறது, இரண்டு மணித்தியாலத்தில் வெறும் எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் மிஞ்சினால் இல்லை.

அத்தரின் இன்னொரு நல்ல குணம் அது பரவாது. அல்கஹோல் இல்லாததால் அடித்தவுடன் மேகமாகக் கிளம்பாது, தோலோடு ஒட்டிக்கிடந்து சூட்டுக்கு மெல்ல வரும், கிட்ட வருகிறவருக்கு மட்டும் மணக்கும். 100 இல் நசுங்கிப் போகிறவனுக்கு இதைவிட நாகரிகமான வாசனை இருக்க முடியாது. கெட்ட குணம், உடுப்பில் கறை பிடிக்கும். வெள்ளை சேர்ட் காலரில் என்னுடைய மஞ்சள் வட்டம் ஒன்று இன்னும் இருக்கிறது. பட்டுச் சாறிக்கு மேல் எந்தக் காரணம் கொண்டும் தொடாதீர்கள், சாறி கட்டுவதற்கு முதலே காதுக்குப் பின்னாலும் முழங்கை மடிப்பிலும் தொட்டுவிட்டுக் காய விடுங்கள். முத்து மாலை போடுகிறவர்கள் மாலையைக் கடைசியில் போட வேண்டும், எண்ணெயும் சென்ட்டும் முத்தின் மினுக்கத்தைக் கெடுக்கும்.

அந்த 3 மில்லிக் குப்பிக்கு நான் கொடுத்தது 1,200 ரூபாய். வாரத்தில் மூன்று நாலு நாள் தொட்டும் ஏழு மாதம் வந்தது.

சரி, ஐரோப்பியப் போத்தல்களுக்கு வருவோம். கொழும்புத் தமிழ் வீடுகளில் இவை கடையால் வருவதைவிடப் பெட்டியால் வருவதுதான் அதிகம். லண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ டொரொண்டோவிலிருந்தோ வரும் மாமி, கட்டுநாயக்கவில் இறங்கி வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்ததும் சொக்லட்டுக்கு அடியில் இரண்டு சென்ட் போத்தல் இருக்கும். 2022 ஆகஸ்டில் டொலர் இல்லாமல் முந்நூறு சொச்சம் பொருள்களின் இறக்குமதியை நிறுத்தியபோது பெர்ஃபியூமும் அந்தப் பட்டியலில் இருந்தது, அந்தக் காலத்தில் மாமிமாரின் பெட்டிதான் நாட்டின் வாசனைக் களஞ்சியம். தடை போனாலும் வரியும் டொலர் விலையும் போகவில்லை, 50 மில்லி நல்ல போத்தல் ஒன்று இன்றைக்கும் என் சம்பளத்தில் ஒரு பெரிய துண்டைக் கடிக்கும்.

மாமி கொண்டுவந்தது க்ளோயே, 2008இல் வந்த அந்த இளஞ்சிவப்பு ரிபன் கட்டிய போத்தல். அக்காவுக்கு என்று கொண்டுவந்தது, நான்தான் அதிகம் அடித்தேன். லைச்சியும் பியோனிப் பூவும் ரோஜாவும் சேர்ந்து, தோய்த்துக் காயவைத்த துணி மாதிரி ஒரு சுத்தமான மணம். லைச்சிப் பழத்துக்கும் ரோஜாவுக்கும் பொதுவாக ரோஸ் ஒக்ஸைட் என்ற ஒரு பொருள் இருப்பதால் இரண்டும் அப்படி ஒட்டிப் போகின்றன. ஏசிக்குள் இது அருமை, லிஃப்டில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். வெளியில் வெயில் பட்டால் கொஞ்சம் சவர்க்காரத் தூள் பக்கம் சாயும். பன்னீர்ப் பரீட்சையில் பாஸ். இதை ஒஃபீஸ் ரோஜா என்று சொல்லலாம், யாரையும் நோகாது, யாருக்கும் ஞாபகமும் இருக்காது.

இவ்செயின்ட் லோரனின் பாரிஸ், 1983 ஆம் ஆண்டுச் சரக்கு, லான்கோமின் ட்ரெசோர், 1990. இரண்டையும் செய்தவர் சோஃபியா க்ரோய்ஸ்மன் என்ற ஒரே பெண்மணி, ஒன்றில் ரோஜாவோடு வயலட், மற்றதில் ரோஜாவோடு பீச் பழம். எங்கள் மாமிமார் தலைமுறைக்கு இவை என்றால் உயிர். எனக்கும் ட்ரெசோர் பிடிக்கும், ஆனால் கொழும்பில் பகலில் அது ஒரு அனர்த்தம். ஒரு தரம் காலையில் இரண்டு அடி அடித்துக்கொண்டு போய், பம்பலப்பிட்டிக்குள்ளேயே எனக்கே தலையிடி தொடங்கிவிட்டது, பக்கத்துச் சீட்டுப் பாட்டி சித்தாலேப டப்பாவைத் திறந்து மூக்கில் தடவிக்கொண்டார், அது எனக்கு எதிரான தற்காப்பு நடவடிக்கை என்றே நினைக்கிறேன். ஏசி மண்டபக் கலியாணத்துக்கு, இரவில், ஒரு அடி. அதற்கு மேல் வேண்டாம்.

டிப்டிக் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் லோம்ப்ர் தான் லோவும் 1983இல்தான் வந்தது, பிளக்கரன்ட் இலையைக் கசக்கி ரோஜாவோடு வைத்தது போல. ஒரு நண்பர் 5 மில்லி ஊற்றித் தந்தார். ஸ்ப்ரேக்களில் கொழும்புக்கு எனக்குச் சரிவந்தது இது ஒன்றுதான் என்று சொல்வேன்: முதலில் செடியை முறித்த பச்சை மணம், புளிப்பு, பிறகுதான் ரோஜா தலையைக் காட்டும். மழை பெய்து ஓய்ந்த பின்னேரத்தில் காலி வீதியில் நடக்கும்போது இது தோலில் இருந்தால், எங்கேயோ ஒரு தோட்டத்து மதில் பக்கம் போகிற மாதிரி இருக்கும். அம்மாவுக்குப் பன்னீர் ஞாபகம் வரவில்லை, "மரக்கறி மணக்குது" என்றார், அதுவும் ஒரு முன்னேற்றம்தான். விலைக்கு முழுப் போத்தல் வாங்க எனக்கு மனம் வரவில்லை.

அரபு ஸ்ப்ரேக்கள் இப்போது கொழும்பு முழுக்க இருக்கின்றன: அஜ்மல், ரசாசி, அல் ஹரமைன், லத்தாஃபா. காசுக்கு நிறையத் தருவார்கள், போத்தலும் அரண்மனை மாதிரி இருக்கும். இவர்களிடம் ரோஜா என்றால் பெரும்பாலும் ஊத்து என்கிற அகிலோடு சேர்ந்த ரோஜா, அந்தக் கட்டையின் புகைச்சலும் ரோஜாவின் இனிப்பும். அந்த ஊர்களில் இது நூற்றாண்டுப் பழக்கம், கஃபாவைக் கழுவும்போது ஸம்ஸம் நீரில் ரோஜா நீரும் ஊத்தும் கலப்பார்கள் என்றால் இந்தச் சேர்க்கைக்கு அங்கே என்ன மதிப்பு என்று பாருங்கள். அங்கேயும் சூடுதானே என்று கேட்கலாம். சூடுதான், ஆனால் ரியாத் பக்கத்துச் சூடு வரண்டது, வாசனை கிளம்பிப் போய்விடும். இங்கே ஈரத்தில் அது ஆளைச் சுற்றிக் கம்பளி மாதிரி நிற்கிறது. நான் ஒரு நாள் போட்டுக்கொண்டு போனபோது லிஃப்டில் ஏறினவர் ஒருவர் இரண்டாம் மாடியிலேயே இறங்கிவிட்டார், அவர் போக வேண்டியது ஏழாம் மாடி என்பது எனக்குத் தெரியும்.

அப்படியென்றால் வேண்டாமா என்றால், வேண்டும், இரவுக்கு. காலிமுகத்திடலில் கடற்காற்று அடிக்கிற நேரத்தில் ஒரு அடி அடித்துக்கொண்டு போய் இஸ்ஸோ வடை சாப்பிட்டுப் பாருங்கள். காற்று அதிகமான இடத்தில்தான் ரோஜா ஊத்துக்கு மூச்சு விட இடம் கிடைக்கிறது. சேர்ட்டின் உள்பக்கத்தில் அடித்தால் அடுத்த தோய்ப்பு வரைக்கும் நிற்கும், காசுக்கு நிற்கிற நேரத்தைக் கணக்குப் பார்க்கிறவர்கள் இதைத்தான் வாங்குவார்கள், அதில் பிழையும் இல்லை.

பொடி மிஸ்ட் என்று விற்கும் ரோஜாத் தண்ணீர் ஸ்ப்ரேக்கள் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பன்னீரை விடக் கொஞ்சம் கூட நேரம் நிற்கும், பன்னீரை விடப் பல மடங்கு விலை, மணம் பன்னீரேதான்.

இனி என் ஏமாற்றக் கதை. ஒரு பிரபல ரோஜாப் பெர்ஃபியூம், கடைகளில் விற்பதில் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு, பெட்டி செலஃபேனோடு, டெஸ்டர் என்று சொல்லித் தந்தார்கள். கடை பேரைச் சொல்லப் போவதில்லை. மூடியைத் திறந்த முதல் ஐந்து நிமிஷம் அசலை விட அசலாக இருந்தது, பிறகு ஸ்பிரிட், அதற்குப் பிறகு அக்கா சொன்ன கலியாண வாசல். ஆமாம், முதல் பந்தியில் சொன்ன அந்தப் போத்தல் இதுதான். பேர்போன போத்தல் பாதி விலைக்குக் கீழே வருகிறதென்றால் ஒதுங்கிவிடுங்கள். அதே வாசனையைப் பார்த்துச் செய்தது என்று சொல்லியே விற்கிற எண்ணெய்களாவது நேர்மையானவை, ஊற்றித் தருகிறவர் பொய் சொல்வதில்லை.

எது வாங்கினாலும் முதலில் கொஞ்சமாக வாங்கிப் போட்டுப் பாருங்கள். 5 மில்லி ஊற்றித் தருகிறவர்களிடம் வாங்கி ஒரு வாரம் முழுக்க, பஸ்ஸில், ஏசியில், பின்னேரத்தில், மழை நாளில் போட்டுப் பார்த்த பிறகுதான் பெரிய போத்தலை நினைக்க வேண்டும். தோல் கடிக்கிறவர்கள் முழங்கை மடிப்பில் தொட்டு ஒரு நாள் விடுங்கள், சிட்ரோனெலோலும் ஜெரானியோலும் சிலருக்கு ஒவ்வாமை தரும், ஐரோப்பாவில் இவற்றை லேபலில் எழுதியே ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, இயற்கை ரோஜாவிலும் இவை இருப்பதால் இயற்கை என்றால் கடிக்காது என்ற கதை எடுபடாது. தலைக்குத் தேங்காயெண்ணெய் வைக்கிறவர்கள் ரோஜாவைக் கழுத்துக்கு மேலே கொண்டுபோகாமல் இருப்பது நல்லது, இரண்டும் சேர்ந்தால் பலகாரக் கடை. போத்தலைக் குளியலறையிலும் ஜன்னல் ஓரத்திலும் வைக்காதீர்கள், இந்த ஊர்ச் சூட்டில் ஆறு மாதத்தில் நிறம் மாறத் தொடங்கிவிடும், அலுமாரிக்குள் துணிக்கு இடையில் இருக்கட்டும்.

என்னைக் கேட்டால், கையில் ஐயாயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்றால் சந்தனத்தில் இறக்கிய அத்தர் ஒரு குப்பி, வடித்த ரோஸ் வோட்டர் ஒரு போத்தல், மிச்சக் காசுக்குப் புறக்கோட்டையிலேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் இதே பதில்தான். ஏசியிலேயே இருந்து ஏசி வாகனத்திலேயே போய் வருகிறவர், காசும் இருக்கிறது என்றால் க்ளோயே மாதிரி ஒரு லேசான ஸ்ப்ரே சரிவரும், பச்சை மணம் பிடிக்குமென்றால் டிப்டிக்குக்குச் சேர்த்து வையுங்கள். இரவில் வெளியே போகிறவர், கல்யாணம் காட்சிக்கு என்று கேட்கிறவர் அரபு ரோஜா ஊத்தை எடுக்கலாம், ஆனால் ஒரு அடிதான், அதையும் புறப்படுவதற்கு அரை மணி முன்னால். மாமி வரப்போகிறார் என்றால் எதுவுமே வாங்க வேண்டாம், பொறுங்கள்.

அக்கா போன மாதம் மறுபடி வந்திருந்தார். அத்தர் போட்டிருந்தேன். கிட்ட வந்து முகர்ந்துவிட்டு, "இது என்ன, சந்தனமோ?" என்றார். ரோஜா என்றேன். நம்பவில்லை. குப்பியை எடுத்துத் தன் புறங்கையில் தொட்டுக்கொண்டு அங்கேயே மணக்கப் பார்த்தார், நான் விடவில்லை, போய் பிளேன்டீ போட்டுக் குடித்துவிட்டு வா என்று குசினிக்கு அனுப்பினேன்.